குழந்தையின் உணவுக்குழாயில் ஈசினோபில்: சிறப்பு மையங்களில் என்ன செய்கிறார்கள், அதில் எதை இங்கேயும் கேட்டு வாங்கலாம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஈசினோபில் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது ரத்தப் பரிசோதனை, இருமல், மூச்சிரைப்பு, ஹெட்ரசான் மாத்திரை. இந்த இழை அதைப் பற்றியதல்ல. அதே வெள்ளணு உணவுக்குழாய், இரைப்பை, குடல் சுவர்களில் போய்க் குவிவதால் வரும் நோய்களைப் பற்றியது. உணவுக்குழாயில் மட்டும் இருந்தால் ஈ.ஓ.ஈ. என்கிறார்கள். கைக்குழந்தை பால் குடிக்க மறுக்கும், எடை ஏறாது. பள்ளிப் பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றுவலியும். பதின்ம வயதில் சோறோ இறைச்சியோ நெஞ்சில் நின்றுவிடும். வயதுக்கு வயது முகம் மாறுவதால்தான் பிடிபடாமல் போகிறது.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 2005 முதல் இதற்கென்றே தனி மையம் இருக்கிறது. பிலடெல்பியா, கொலராடோ குழந்தைகள் மருத்துவமனைகளிலும் தனிப் பிரிவுகள் உண்டு. என் கேள்விகள்: அங்கே ஒரு குழந்தை போனால் என்னதான் நடக்கிறது? ஒவ்வாமை ரத்தப் பரிசோதனைப் பட்டியலை வைத்து உணவை நிறுத்தலாமா? பிள்ளை நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் ஏன் திரும்பத் திரும்ப எண்டோஸ்கோப்பி? சிறு நகர மருத்துவர்களும் பெற்றோரும் பின்னால் தேடி வந்து படிப்பார்கள், விவரமாகவே எழுதுங்கள்.

ஒஹாயோ_ஆற்றங்கரை

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை வந்து சேர்வதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கை, படங்கள், பிறந்ததிலிருந்து எடை உயர அட்டவணை, ஒரு வார உணவுக் குறிப்பு, கொடுத்த மருந்துகள் தேதியோடு. இவற்றைவிட முக்கியம் பழைய பயாப்ஸியின் (திசுத் துணுக்குப் பரிசோதனையின்) ஸ்லைடுகள். அறிக்கைத் தாள் போதாது. ஸ்லைடையே வரவழைத்து மையத்தின் நோயியல் மருத்துவர் மறுபடி எண்ணிப் பார்ப்பார். "லேசான அழற்சி" என்று எழுதி மூடிவைத்த ஸ்லைடில் நோய் தெளிவாகத் தெரிவது உண்டு.

சந்திப்பு நாளில் இரைப்பை குடல் மருத்துவர், ஒவ்வாமை மருத்துவர், உணவியல் வல்லுநர், உண்ணும் பயிற்சியாளர், உளவியலாளர் எல்லோரும் ஒரே குழுவாகப் பார்க்கிறார்கள். எதற்கு இத்தனை பேர் என்று தோன்றும். உணவுக்குழாய் ஆறிய பிறகும் சில பிள்ளைகள் கெட்டி உணவைக் கண்டதும் ஓங்கரிப்பார்கள். வலித்த நினைவு நாக்கிலிருந்து போகாது. அதை மருந்து சரிசெய்யாது, உண்ணும் பயிற்சிதான் சரிசெய்யும். குழுவில் அந்த ஓர் ஆள் இல்லையென்றால் பயாப்ஸி சுத்தமாக வந்தும் எடை ஏறாது.

பேசும்போது மருத்துவர் "விழுங்கச் சிரமமா?" என்று மட்டும் கேட்டு விடமாட்டார். பிள்ளைகள் சமாளித்துப் பழகியிருப்பார்கள். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடிக்கிறதா, உணவைப் பொடியாக வெட்டச் சொல்கிறதா, சாம்பாரை ஊற்றிக் குழைத்தால்தான் இறங்குகிறதா, தட்டோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறதா, மாத்திரை என்றால் மறுக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "என் பிள்ளை மெதுவாச் சாப்பிடும், அவ்வளவுதான்" என்று வீட்டில் விட்டுவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

எண்டோஸ்கோப்பியில் வீக்கம், வளையங்கள், வெள்ளைப் புள்ளிகள், நீளவாட்டுக் கோடுகள், குறுக்கம் என ஐந்தையும் தனித்தனியே மதிப்பெண் போட்டு எழுதுவார்கள். பார்க்க எல்லாம் சரியாக இருந்தாலும் பயாப்ஸி எடுத்தே தீர வேண்டும். குறைந்தது 6 துணுக்குகள், கீழ்ப்பகுதியிலும் மேல் அல்லது நடுப்பகுதியிலும். நோய் திட்டுத்திட்டாக இருக்கும், இரண்டே துணுக்கு எடுத்தால் நழுவிவிடும். முதல் தடவை இரைப்பை, முன்சிறுகுடலிலிருந்தும் எடுக்க வேண்டும்.

மயக்க மருந்தைப் பற்றி ஒன்று: முட்டை, சோயா ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு புரொபோஃபால் கூடாது என்ற பயம் பரவலாக இருக்கிறது. அந்த ஒவ்வாமைக்காக அதைத் தவிர்க்க வேண்டியதில்லை என்பதே இன்றைய நிலைப்பாடு. மயக்க மருத்துவரிடம் சொல்லிவைத்தால் போதும். இன்னொன்று, அமினோ அமில பால்மாவு (முழுப் புரதம் இல்லாத சிறப்புப் பால்மாவு) தண்ணீர் மாதிரிதானே என்று நினைத்து 2 மணி நேரத்துக்கு முன்பு வரை கொடுத்துவிடுகிறார்கள். அதற்கும் 6 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும்.

நுண்ணோக்கி

நோயியல் பக்கத்திலிருந்து சில.

அளவுகோல்: 400 மடங்கு பெரிதாக்கிய ஒரு புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் ஈசினோபில். அதிகம் குவிந்த இடத்தைத் தேடி எண்ண வேண்டும், சராசரி எடுக்கக் கூடாது.

சிக்கல் அந்தப் "புலம்" என்ற சொல்லில் இருக்கிறது. நுண்ணோக்கியின் கண்வில்லையில் 18, 22, 26.5 என்று எண் பொறித்திருக்கும். 18 என்றால் புலத்தின் பரப்பு சுமார் 0.16 சதுர மி.மீ., 22 என்றால் 0.24, 26.5 என்றால் 0.34. அதாவது ஒரே ஸ்லைடில் ஒருவர் 10 எண்ணுவார், இன்னொருவர் 20 எண்ணுவார், இருவரும் சரியாகவே எண்ணியிருப்பார்கள். 15 என்ற அளவு சதுர மி.மீட்டருக்கு ஏறக்குறைய 60. அதனால் அறிக்கையில் எண்ணிக்கையோடு புலத்தின் அளவும் இருக்க வேண்டும். "ஈசினோபில் காணப்பட்டன" என்று மட்டும் எழுதி வந்தால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள்.

துணுக்குகளை ஒரே புட்டியில் போடாதீர்கள். கீழ்ப்பகுதி ஒன்றில், மேற்பகுதி ஒன்றில். ஃபார்மலினில் போடவும், புவான் திரவத்தில் வேண்டாம். அது ஈசினோபில் துகள்களின் நிறத்தைக் கெடுத்துவிடும்.

எண்ணிக்கை மட்டும் கதையல்ல. அடிச்செல் அடுக்கு எவ்வளவு தடித்திருக்கிறது, செல்களுக்கிடையே இடைவெளி விரிந்திருக்கிறதா, மேற்பரப்பில் ஈசினோபில் படலமாக ஒட்டியிருக்கிறதா, கீழே நார்த்திசு உருவாகிவிட்டதா என்றெல்லாம் எட்டு அம்சங்களைப் பார்க்கும் முறை சின்சினாட்டியில் உருவானது. நார்த்திசுதான் நாளைக்குக் குறுக்கமாகிறது. துணுக்கு ஆழம் போதாமல் போனால் அதை மட்டும் பார்க்க முடியாது.

வைகைக்கரை

நன்றி சார். கண்வில்லை விஷயம் எனக்கே புதிது. அடுத்து ஒவ்வாமைப் பட்டியல். அரிசி, கத்தரிக்காய், துவரம்பருப்பு, இறால் என்று 14 பொருளுக்கு "பாசிட்டிவ்" போட்ட தாளோடு பெற்றோர் வந்து நிற்கிறார்கள். அதை என்ன செய்வது?

தினைப்புலம்

அந்தத் தாளை வைத்து உணவை நிறுத்தாதீர்கள். இது என் அழுத்தமான கருத்து.

உணவு தின்ற சில நிமிடங்களில் தடித்து, மூச்சு முட்டும் ஒவ்வாமை ஐ.ஜி.ஈ. என்ற எதிர்ப்பொருள் வழியாக வருவது. ஈ.ஓ.ஈ. அந்த வழியில் நடப்பதில்லை. ரத்தத்தில் ஐ.ஜி.ஈ. அளப்பதும் தோலில் குத்திப் பார்ப்பதும் இந்த நோயைத் தூண்டும் உணவைச் சரியாகக் காட்டாது. உண்மையான தூண்டலான பால் அந்தத் தாளில் "நெகட்டிவ்" என்று இருக்கும். தப்பே செய்யாத அரிசியும் பருப்பும் நிறுத்தப்பட்டுப் பிள்ளை இளைத்துப்போகும். அந்தப் பரிசோதனைகளுக்கு வேறு பயன் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

உணவுதான் தூண்டுகிறது என்பது தெளிவானது 1995இல். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 10 குழந்தைகளுக்கு உணவை முழுக்க நிறுத்தி அமினோ அமில பால்மாவு மட்டும் கொடுத்தார்கள். 8 பேருக்கு அறிகுறி முற்றிலும் நீங்கியது, 2 பேருக்குக் குறைந்தது. மிக வலுவான முறை, ஆனால் வாயால் குடிக்க முடியாத சுவை. பலருக்கு மூக்குக் குழாய் போட வேண்டிவரும். 2006இல் சிகாகோவில் பால், கோதுமை, முட்டை, சோயா, கடலை வகைகள், மீன் வகைகள் என ஆறை மட்டும் நிறுத்தியதில் 74 சதவீதம் பேருக்குப் பலன் கிடைத்தது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. குறைவாக நிறுத்து, போதவில்லையென்றால் கூட்டு. குழந்தைகளிடம் அதிகம் தூண்டுவது பால். எனவே பாலை மட்டும் முதலில் நிறுத்தி 8 முதல் 12 வாரம் கழித்துப் பயாப்ஸி. பெரியவர்களிடம் 2023இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது பால் மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதமும் ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதமும் தேறினார்கள். ஆறு உணவைப் பறித்து அந்தக் குடும்பத்தை ஏன் முதலிலேயே வதைக்க வேண்டும்?

ஏற்கெனவே மெலிந்த, நாலைந்து பண்டம் மட்டுமே தின்னும் பிள்ளைக்கு உணவு நிறுத்தும் வழியே வேண்டாம் என்பேன். முதலில் மருந்து, எடை ஏறட்டும், பிறகு பார்க்கலாம். உணவு வழிதான் "இயற்கையானது" என்று பிடிவாதம் பிடிப்பது பிள்ளையின் வளர்ச்சியோடு விளையாடுவது.

பனங்கற்கண்டு

அக்கா, பாலை நிறுத்துவது என்றால் நம் சமையலில் எதுவரை? நெய்? ஆட்டுப்பால், நாட்டு மாட்டுப்பால் பரவாயில்லையா? கோதுமையும் சேர்த்து நிறுத்தச் சொன்னால் இட்லி தோசையோடு முடிந்துவிடுமா?

தினைப்புலம்

ஆட்டுப்பால், எருமைப்பால், நாட்டு மாட்டுப்பால், ஏ2 பால் எதுவும் ஆகாது. புரதங்கள் அவ்வளவு ஒத்தவை. லாக்டோஸ் நீக்கிய பாலும் ஆகாது, அதில் நீக்கியது சர்க்கரையை, புரதம் அப்படியே இருக்கிறது. தயிர், மோர், பனீர், பால்கோவா போகும். நெய்யிலும் புரதம் மிச்சமிருக்கும், சோதனைக் காலத்தில் அதையும் நிறுத்துங்கள். ரொட்டி, பிஸ்கட், சாக்லேட், சத்துமாவுப் பானங்களின் அட்டையில் பால் திடப்பொருள், கேசீன், வே என்று எது இருந்தாலும் ஒதுக்குங்கள்.

கோதுமையில் நம் வீடுகளில் தவறுவது பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு என்று தினமும் உள்ளே போய்விடும். "எல்லாம் நிறுத்தியும் பயாப்ஸி மாறவில்லை" என்றால் முதலில் அந்த டப்பாவைப் பார்ப்பேன். ரவை, மைதா, சேமியா தெரிந்ததே. சோயா சாஸிலும் கோதுமை உண்டு.

மற்றபடி நம் சமையல் இதற்குத் தோது. இட்லி, தோசை, இடியாப்பம், கம்பு, தினை எல்லாம் இருக்கிறது. சோயாவை நிறுத்தச் சொன்னால் துவரை, பாசிப்பருப்பையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், புரதம் அங்கேதான் இருக்கிறது. பால் போனால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி தேட வேண்டும். அமெரிக்கக் கணக்கில் 4 முதல் 8 வயதுக்கு நாளுக்கு 1000 மி.கி. கேழ்வரகு 100 கிராமில் 350 மி.கி. அளவுக்கு உண்டு, ஆனால் ஒரு குழந்தை அவ்வளவு கேழ்வரகு தின்னாது. மாத்திரையோ சிரப்போ தேவைப்படும். வைட்டமின் டி அளவும் பாருங்கள்.

இனி நான் பாக்கி வைத்தது. நிறுத்திய உணவை ஒவ்வொன்றாகத்தான் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் பிறகு பயாப்ஸி. நீண்ட நாள் நிறுத்திய உணவைத் திரும்பக் கொடுக்கும்போது சில பிள்ளைகளுக்கு உடனடி ஒவ்வாமை, மூச்சுத்திணறல் வரை வந்திருக்கிறது. ஐ.ஜி.ஈ. பரிசோதனையின் பயன் இங்கேதான். அந்த உணவுக்கு ஐ.ஜி.ஈ. இருந்தால் முதல் வாயை வீட்டில் கொடுக்காமல் மருத்துவமனையில் கொடுங்கள்.

மருந்துப்பெட்டி

மருந்துகள் பற்றி.

அமிலம் குறைக்கும் ஒமெப்ரசோல், எசோமெப்ரசோல் வகை: கிலோவுக்கு 1 மி.கி., காலை மாலை இரு வேளை, உணவுக்கு அரை மணி முன்பு, 8 முதல் 12 வாரம். கேப்ஸ்யூலைத் திறந்து உருண்டைகளைப் பழக்கூழில் கலக்கலாம், நசுக்கக் கூடாது. நசுக்கினால் இரைப்பை அமிலமே மருந்தை அழித்துவிடும். இந்த மருந்துக்குக் கேட்டால் அது ஈ.ஓ.ஈ. அல்ல என்று முன்பு பிரித்துவைத்தார்கள். 2018 ஒருமித்த வழிகாட்டலில் அந்தப் பிரிவினை நீங்கிவிட்டது. இப்போது இதுவும் ஒரு சிகிச்சைதான்.

அடுத்தது விழுங்கும் ஸ்டீராய்டு. நெபுலைசருக்கு விற்கும் புடெசொனைட் 0.5 மி.கி./2 மி.லி. ரெஸ்ப்யூல் (பல்மிகார்ட், புடேகார்ட்) வாங்கிக் கெட்டியாக்கிக் குடிக்க வேண்டும். 10 வயதுக்குக் கீழே நாளுக்கு மொத்தம் 1 மி.கி., அதற்கு மேல் 2 மி.கி. என்பது வழக்கமான தொடக்கம். அளவை மருத்துவர் முடிவு செய்வார். அமெரிக்கக் குறிப்புகளில் 1 மி.கி.க்கு ஸ்ப்ளெண்டா (சுக்ரலோஸ் இனிப்பூட்டி) 1 கிராம் பொட்டலம் 5 என்று இருக்கும். இங்கே அதைப் படித்துவிட்டு சுக்ரலோஸ் மாத்திரையோ சொட்டோ போடுகிறார்கள். கெட்டியாகாது. பொட்டலத்தில் கெட்டியாக்குவது சுக்ரலோஸ் அல்ல, அதோடு கலந்திருக்கும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் மாவு. தேனில் கலக்கலாம், 1 வயதுக்குக் கீழே தேன் கூடாது. பதம் முக்கியம்: கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும். தண்ணீராக இருந்தால் உணவுக்குழாயில் ஒட்டாமல் நேரே வயிற்றுக்குப் போய்விடும்.

குடித்த பிறகு அரை மணி நேரம் சாப்பாடு, தண்ணீர் எதுவும் கூடாது. பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவும். இரவு பல் துலக்கிய பின் கொடுத்துப் படுக்கவைப்பது நல்ல வழி.

அதிகம் நடக்கும் தவறு: ரெஸ்ப்யூலைப் பார்த்த பழக்கத்தில் நெபுலைசரில் ஊற்றிவிடுவது. மருந்து நுரையீரலுக்குப் போகும், உணவுக்குழாய்க்கு ஒன்றும் வராது. ஃப்ளூட்டிகசோன் பம்பிலும் இதே கதை. ஸ்பேசர் இல்லாமல் வாயில் அடித்து, மூச்சை இழுக்காமல் விழுங்க வேண்டும். மருந்துச்சீட்டில் "விழுங்க, உறிஞ்ச அல்ல" என்று எழுதாவிட்டால் கடையில் ஆஸ்துமாவுக்கான விளக்கத்தையே சொல்லி அனுப்புவார்கள்.

பக்கவிளைவாக உணவுக்குழாயில் பூஞ்சை வரலாம். நீண்டகாலம் எடுத்தால் அட்ரினல் சுரப்பி மந்தமாகலாம். ஆஸ்துமா பம்பு, மூக்கு ஸ்ப்ரே, தோல் களிம்பு என்று ஸ்டீராய்டு வேறு வழிகளிலும் போகும் பிள்ளைக்கு எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். காலை 8 மணி கார்டிசால் பரிசோதனை தேவைப்படும்.

கல்லணை

எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எண்டோஸ்கோப்பி என்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு வருடத்தில் நாலைந்து தடவை மயக்க மருந்து. செலவையும் பாருங்கள். வாந்தி நின்று, எடை ஏறி, பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடும்போது எதற்கு இது? ரத்தத்தில் ஈசினோபில் பார்த்தால் போதாதா?

நுண்ணோக்கி

போதாது. ரத்த எண்ணிக்கை இயல்பாக இருக்கும்போதே திசுவில் 60, 70 இருக்கும். அறிகுறியும் திசுவும் ஒன்றாக நடப்பதில்லை. வாந்தி நின்ற பிள்ளையின் உணவுக்குழாயில் அழற்சி அப்படியே இருக்கலாம். அது சத்தமில்லாமல் நாராகிப் பத்து வருடம் கழித்துக் குறுக்கமாக வந்து நிற்கும்.

ஒஹாயோ_ஆற்றங்கரை

கல்லணை அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் மாற்று வழிகள் தேடினார்கள். கொலராடோவில் மயக்க மருந்தே இல்லாமல், மூக்கை மரத்துப்போகச் செய்து, மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கிப் பயாப்ஸி எடுக்கிறார்கள். பிள்ளை கண்ணில் மெய்நிகர்க் கண்ணாடி மாட்டிப் படம் பார்த்துக்கொண்டிருக்கும். முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். உணவுக்குழாயை மட்டுமே பார்க்க முடியும் என்பது அதன் எல்லை. நூல் பரிசோதனை என்று இன்னொன்று: நூல் சுற்றிய கேப்ஸ்யூலை விழுங்கி 1 மணி நேரம் கழித்து நூலை இழுத்து, அதில் படிந்த ஈசினோபில் புரதங்களை அளப்பார்கள். இந்த இரண்டும் கைக்கு எட்டாத ஊரில் தடவைகளைக் குறைக்க ஒரே வழி, முதலிலேயே யோசித்துத் திட்டமிடுவது. ஒரே நேரத்தில் உணவையும் மருந்தையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கக் கூடுதலாக இரண்டு எண்டோஸ்கோப்பி ஆகும்.

கல்லணை

ஏற்றுக்கொள்கிறேன். திட்டமில்லாமல் மாற்றிக்கொண்டே இருப்பதுதான் தடவைகளைக் கூட்டுகிறது என்று புரிகிறது.

நுண்ணோக்கி

வைகைக்கரை, இரைப்பை, குடல் பக்கம் ஒரு எச்சரிக்கை. உணவுக்குழாயில் இயல்பாக ஈசினோபில் இருக்காது, அதனால் அங்கே 15 என்பது பொருளுள்ள எண். குடலில் இயல்பாகவே இருக்கும். பெருங்குடலின் தொடக்கத்தில் அதிகம், மலக்குடலில் குறைவு. இடத்துக்கு இடம் வேறு அளவுகோல். இரைப்பைக்குப் பொதுவாக 5 புலங்களில் தலா 30 என்பார்கள்.

நம் மண்ணில் குடல் ஈசினோபில் என்றதும் முதலில் புழு. கொக்கிப்புழு, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். மூன்று தனித்தனி நாள்களின் மலம் பாருங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் மலத்தில் எளிதில் தவறும், ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் வேண்டும். அல்பெண்டசோல் ஒரு வேளை கொடுத்துவிட்டு அது போய்விட்டது என்று நம்பாதீர்கள், அதற்கு ஐவர்மெக்டின்தான் சரியான மருந்து. இதை விலக்காமல் ப்ரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கினால் புழு உடல் முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகும். அமெரிக்க வழிகாட்டலை அப்படியே எடுத்து நடக்கக் கூடாத இடம் இது.

வைகைக்கரை

இதைத் தனியாகத் தடித்த எழுத்தில் போட வேண்டும் சார். குடல் வகையில் காலையில் முகம் வீங்கி வரும் குழந்தையைச் சிறுநீரக நோய் என்று நினைத்துவிடுகிறோம். சிறுநீரில் புரதம் இல்லை, ரத்தத்தில் அல்புமின் குறைவு என்றால் குடல் வழியாகப் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பனங்கற்கண்டு

உணவு நெஞ்சில் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே?

ஒஹாயோ_ஆற்றங்கரை

மீன் முள்ளுக்குச் செய்வதுபோல் சோற்று உருண்டை, வாழைப்பழம் விழுங்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே அடைத்த இடத்தில் இன்னொன்று போய் உட்காரும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகலாம். தண்ணீரும் வேண்டாம். எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடித்துக்கொண்டிருந்தால் காத்திருக்காமல், எண்டோஸ்கோப்பி வசதி உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். சிக்கியதை எடுக்கும் அதே நேரத்தில் பயாப்ஸியும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்து அனுப்பிவிட்டு "மென்று சாப்பிடு" என்று சொல்லி விட்டால் காரணம் கண்டுபிடிக்கும் வாய்ப்பு கைநழுவிப்போகும்.

மருந்துப்பெட்டி

டுபிலுமாப் ஊசியையும் சேர்த்துவிடுகிறேன். அமெரிக்காவில் 2022 மே மாதம் 12 வயதுக்கு மேல் அனுமதி, 2024 ஜனவரியில் 1 வயதிலிருந்து, எடை 15 கிலோவாவது இருக்க வேண்டும். 15 முதல் 30 கிலோவுக்குள் 200 மி.கி., 30 முதல் 40க்குள் 300 மி.கி., இரண்டும் இரு வாரத்துக்கு ஒருமுறை. 40 கிலோவுக்கு மேல் 300 மி.கி. வாரந்தோறும். ஆஸ்துமா, தோல் அழற்சி சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு இது நல்ல தேர்வு. நிறுத்தினால் நோய் திரும்பும் என்பதைப் பெற்றோரிடம் தொடங்கும்போதே சொல்ல வேண்டும்.

வைகைக்கரை

கடைசியாக ஒன்று, நுண்ணோக்கி சார். பக்கத்து நகரத்தில் எண்டோஸ்கோப்பி உண்டு, இந்த நோய்க்கென்று மையம் இல்லை. அனுப்பும் சீட்டில் என்ன எழுதினால் வேண்டியது நடக்கும்?

நுண்ணோக்கி

இப்படி எழுதுங்கள்: "ஈ.ஓ.ஈ. சந்தேகம். பார்வைக்கு இயல்பாக இருந்தாலும் பயாப்ஸி தேவை. உணவுக்குழாய் கீழ்ப்பகுதி 3, மேற்பகுதி 3, தனித்தனிப் புட்டி, ஃபார்மலின். இரைப்பை, முன்சிறுகுடல் தனித்தனியே. அதிகம் குவிந்த புலத்தின் ஈசினோபில் எண்ணிக்கையும் புலத்தின் பரப்பும் குறிப்பிடவும். குழந்தை தற்போது எடுக்கும் மருந்துகள்:" என்று போட்டு, ஒமெப்ரசோல் கொடுத்திருந்தால் எத்தனை வாரமாக என்பதையும் எழுதுங்கள். அது தெரியாமல் குறைந்த எண்ணிக்கையைப் பார்த்தால், நோய் இல்லையா, மருந்தில் அடங்கியிருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது.